எர்ல் கிரேயும் அண்ணன் வீட்டு முறையும்

1

என் மகள் கயலுக்குக் கல்யாணமாகி, போன சனிக்கிழமையோடு ஒரு வருடம். அன்று காலையிலேயே சம்பந்தியம்மா ஹெலன் வந்துவிட்டார். ஒரு கையில் மழை சொட்டும் குடை, மறுகையில் கேக், கக்கத்தில் ஒரு டப்பா எர்ல் கிரே தேயிலை. நான் கெட்டிலில் தண்ணீர் பிடித்தேன். லண்டனிலிருந்து அதிக தூரமில்லாத இந்த ரெடிங் நகரத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பார்க்கப் பன்னீர்போல இருக்கும். நாலு வாரம் கொதிக்க வைத்தால் கெட்டிலின் அடியில் வெள்ளையாகக் காரை கட்டிக்கொள்ளும். அதை வினிகர் ஊற்றிச் சுரண்டுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்று.

டீயை ஊற்றிக் கொடுத்தேன். ஹெலன் ஒரு வாய் குடித்தார், கோப்பையை எட்டப் பிடித்துப் பார்த்தார். "நன்றாகத்தான் இருக்கிறது செல்வி. ஆனாலும் உன் அண்ணன் வீட்டில் குடித்ததுபோல வராது" என்றார். அதற்கு இருவரும் சிரித்த சிரிப்பில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்.

இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, பால் பல் விழுந்த வயதிலிருந்து எர்ல் கிரே குடித்துவரும் ஒரு அம்மாள், அதைத் தியாகராய நகரில்தான் ஒழுங்காகப் போடுகிறார்கள் என்கிறார். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

2

முதலில் இந்த டீயோடு எனக்கு வாய்த்த பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடத்துக்கு முன்பு, கல்யாணமான புதிதில் இங்கே வந்து இறங்கியபோது, பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைத் தேநீருக்கு அழைத்தார். இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். தட்டில் பூப்போட்ட கோப்பை, சின்னக் குவளையில் பால், சின்னத் தட்டில் வட்டமாக நறுக்கிய எலுமிச்சை. கோப்பையைக் கிட்டே கொண்டுபோனதும் எனக்குப் பகீரென்றது. அம்மா ஜாடியில் போட்டு வைக்கும் நார்த்தங்காய் வாசனை! உப்பும் வெயிலும் மட்டும்தான் இல்லை.

எலுமிச்சையும் பாலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நாங்கள் வளர்ந்த வீட்டில், விருந்துக்குப் போன இடத்தில் வைத்ததை வேண்டாம் என்று ஒதுக்கினால் அது மரியாதைக் குறைவு. வைத்தவர் மனம் நோகும். ஆகவே எலுமிச்சையையும் போட்டேன், பாலையும் ஊற்றினேன். கோப்பைக்குள் பால் திரிந்து திப்பி திப்பியாக மிதந்தது. அந்த அம்மாள் பார்க்கிறார், நான் சிரித்துக்கொண்டே குடிக்கிறேன். முழுவதும் குடித்தேன். இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் என்னிடம் சொல்ல ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். அவருக்கும் மரியாதை.

வீட்டுக்கு ஒரு டப்பா வாங்கி வந்து, நம் ஊர் முறைப்படி பாலும் தண்ணீரும் கலந்து, இஞ்சி தட்டிப் போட்டு, பொங்கப் பொங்கக் கொதிக்க வைத்தேன். வீடு முழுக்கக் குளியல் சோப்பு வாசனை. வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே "துணி ஊறப் போட்டிருக்கியா?" என்றார். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி வைத்து, மரியாதையாக ஒதுங்கி நிற்க வேண்டிய டீ அது என்று புரிய எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. புரிந்த பிறகு விட முடியவில்லை.

அந்த வாசனை வேறொன்றுமில்லை. பெர்கமாட் என்று ஒரு பழம். இத்தாலியின் தென்கோடியில், கடலோரத்தில் விளைகிறது. எலுமிச்சைக்கும் கசப்பு ஆரஞ்சுக்கும் பிறந்தது, நம் நார்த்தைக்குத் தூரத்துச் சொந்தம். அப்படியே தின்ன முடியாத புளிப்பும் கசப்பும். தோலிலிருந்து எடுக்கும் எண்ணெயில்தான் அதன் பெருமை முழுக்க. அந்த எண்ணெயைக் கறுப்புத் தேயிலையில் ஏற்றினால் எர்ல் கிரே.

பெயர் வந்த கதைக்கு வருவோம். கிரே என்று ஒரு பிரபு, இந்த நாட்டுப் பிரதமராகவும் இருந்தவர். அவருடைய ஆள் ஒருவர் சீனாவில் ஒரு பிள்ளையைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றினாராம், நன்றிக்கடனாக இந்தத் தேயிலைப் பக்குவம் வந்து சேர்ந்ததாம். பிரபு சீனாவில் கால் வைத்ததே இல்லை என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். இன்னொரு கதை, அவர் மாளிகைத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அந்த ருசியை மறைக்க இந்தப் பழ வாசனையைச் சேர்த்தார்கள் என்பது. மூன்றாவது கதைதான் எனக்கு நெருக்கமானது. அந்தக் காலத்து வியாபாரிகள் மட்ட ரகத் தேயிலைக்கு இந்த எண்ணெயைத் தடவி உசத்தி ரகம் என்று விற்றார்களாம். பாத்திரக்கடை வீட்டுப் பெண்ணான எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடித்துவிட்டால் ஊரில் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்பது என் சுபாவம். ஒவ்வொரு முறை சென்னை வரும்போதும் அண்ணன் வீட்டுக்கு இரண்டு டப்பா எர்ல் கிரே. மதினி வாங்கி முகர்ந்து பார்த்து, "என்ன வாசம்!" என்று சொல்லி உள்ளே கொண்டுபோவார். அதற்குமேல் அந்த டீயை அந்த வீட்டில் யாரும் குடித்து நான் பார்த்ததில்லை. ஊர் திரும்பும் அவசரத்தில் கேட்கவும் தோன்றியதில்லை.

3

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் முருகேசனுக்கு ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் பாத்திரக்கடை. எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்தது. அப்பா திடீரென்று போய்ச்சேர்ந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். கடையையும் என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டவர் அண்ணன். எனக்கு மாப்பிள்ளை பார்த்து, கல்யாணம் முடித்து, மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட்டபோது எனக்குமேல் அழுதவரும் அவர்தான். தி.நகருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவர் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை.

கயல் சின்ன வயதில் விடுமுறைக்குச் சென்னை வந்தால் நேராகக் கடைக்குத்தான் போவாள். அண்ணன் அவளைப் பெரிய அண்டாவுக்குள் தூக்கி உட்கார வைத்துவிடுவார். அவள் உள்ளே இருந்து தலையை நீட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "குக்கர் வேணுமா, குடம் வேணுமா?" என்று கேட்பாள். பொருள் வாங்கவே எண்ணமில்லாதவர்கள்கூட ஒரு டம்ளராவது வாங்கிப் போவார்கள்.

பிறகு பரீட்சை, பிறகு தோழிகள், பிறகு வேலை. நாலு வருடத்துக்கு ஒருமுறை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று அவள் பயணம் தள்ளிப்போய், கடைசியில் நின்றே போனது. அவள் தமிழும் சுருங்கிக்கொண்டே வந்து, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "மாமா, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்ற இரண்டு கேள்விகளில் வந்து நின்றது. அந்த இரண்டு கேள்விக்காக அண்ணன் ஞாயிறு மாலை எங்கேயும் போகமாட்டார்.

அப்படிப்பட்டவரிடம், கயல் தன்னோடு படித்த டாம் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று நான்தான் போனில் சொன்னேன். மயிலாப்பூரில் சின்னதாக ஒரு மண்டபம் பார்த்திருக்கிறோம், தை மாதம் என்றும் சேர்த்தே சொல்லிவிட்டேன். 

"உன் பொண்ணு, உன் இஷ்டம். எல்லாத்தையும் முடிச்சிட்டு என்னை எதுக்குட்டி கேக்க?" என்றார்.

"முடிக்கலண்ணே, உங்ககிட்டதானே சொல்றேன்."

"சொல்லுதே. கேக்கலையே. பையனைப் பெத்தவுக யாராச்சும் வந்து கேட்டாகளா? நான் பத்திரிகைய வாங்கிட்டு வந்து முன்வரிசையில உக்காந்து சாப்பிட்டுப் போகணும், அவ்வளவுதானே?"

போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து கயல் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமையானா போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக செல்வி. அவ பேரு வந்தா அதையே பாத்துக்கிட்டு இருக்காக. எடுக்கமாட்டேங்காக" என்றார் மதினி.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில், பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன் போடுவது. அவர் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். அண்ணன் இல்லாமல் வேறு யாரையாவது நிறுத்தி அதைச் செய்துவிடலாம்தான், சொந்தத்தில் ஆளா இல்லை? எனக்கு அது வேண்டாம். அண்ணன் கை மாலைதான் என் மகள் கழுத்தில் விழ வேண்டும். அப்பா போன வீட்டில் எனக்கு எல்லாமுமாக நின்ற மனுஷன் என் மகள் கல்யாணத்தில் முன்வரிசை விருந்தாளியாக உட்கார்ந்தால் நான் எப்படித் தாங்குவேன்?

ஹெலனிடம் போய்ச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் பாதியில் குறுக்கிடாமல் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, "அவ்வளவுதானே? போய்க் கேட்போம். நாங்கள் வந்து கேட்பதுதானே முறை?" என்றார். கணவர் கீத்தைப் பார்த்தார். அவர் வீடு வீடாகப் போய் வெந்நீர் பாய்லர் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். "வெயிலடிக்கும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அடிக்கும் என்றேன். சரி என்றார்.

4

விசா விண்ணப்பத்தை நிரப்ப நான்தான் உதவிக்கு உட்கார்ந்தேன். நம் நாட்டுக்கு வர விரும்புகிறவர்களிடம் நாம் எவ்வளவு விசாரிக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா எங்கே பிறந்தார், அம்மா எங்கே பிறந்தார், மதம் என்ன, உடம்பில் வெளியே தெரியும்படி அடையாளம் என்ன. கீத் சட்டைக் கையைச் சுருட்டி பாய்லர் சுட்ட தழும்புகளை வரிசையாகக் காட்டி, "எதைப் போடுவது? ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு" என்றார். ஒன்று போதும் என்றேன். புகைப்படம் சதுரமாக இல்லை என்று திரும்பத் திரும்பத் தள்ளப்பட்டது. "பெண் கேட்கப் போவதற்கே இவ்வளவா?" என்று ஹெலன் கேட்டபோது, இந்த நாட்டு விசாவுக்காக நான் பட்ட பாட்டை நினைத்து உள்ளூர ஒரு திருப்தி வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

போகுமுன் பாடம் நடத்தினேன். செருப்பை வாசலில் விடுங்கள். வலது கையால் வாங்குங்கள். என் அண்ணன் முறைத்தால் அது கோபமில்லை, அவர் முகமே அப்படி. இதையெல்லாம் சொல்லிவிட்டு மிக முக்கியமானதைக் கடைசியில் சொன்னேன். சம்பந்தம் பேசப் போன வீட்டில், பெண் வீட்டார் வாயிலிருந்து "சரி" வரும்வரை கை நனைக்கக் கூடாது. சாப்பாடு மட்டுமில்லை, பச்சைத் தண்ணீர்கூட. குடித்துவிட்டால் சம்பந்தம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பேசாமலேயே முடித்துக்கொண்டதாக ஆகிவிடும். என்னைக் கேட்டு வந்தபோது, பங்குனி வெயிலில் என் மாமனார் அண்ணன் வீட்டு ஹாலில் நாக்கு வறள உட்கார்ந்திருந்ததை நான் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். அண்ணன் சரி சொன்ன பிறகு அவர் செம்போடு தண்ணீரை அண்ணாந்து குடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

"ஒரு சொட்டுக்கூட இல்லை" என்றார் ஹெலன், சத்தியம் செய்வதுபோல.

ஆவணி மாதம் சென்னையில் இறங்கினோம். கயலுக்கும் டாமுக்கும் என் வீட்டுக்காரருக்கும் லீவு கிடைக்கவில்லை, நாங்கள் மூவர்தான். அடையாறில் தங்கியிருந்த இடத்திலிருந்து தி.நகருக்கு ஆட்டோ பிடித்தேன். கீத் ஆறடிக்குமேல். முழங்கால் மூக்கில் இடித்தது.

"இன்னா மேடம், ஐயா ஹைட்டுக்கு டாப்பைக் கயட்டுனாத்தான் உண்டு" என்றார் ஓட்டுநர். "காலை இப்டி வெளிய நீட்டிக்கினு வராதீங்க நைனா, எதுனா பைக்கு தட்டிட்டு பூடும்." கீத்துக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து காலை மடக்கிக்கொண்டார். நந்தனம் சிக்னல் வருவதற்குள் இருவரும் நண்பர்கள்.

5

அண்ணன் வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டையோடு வாசலிலேயே நின்றிருந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. கும்பிட்டார், ஹெலனும் கீத்தும் கும்பிட்டார்கள், செருப்பைக் கழற்றினார்கள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி.

உட்கார்ந்ததும் மதினி பார்வதி பெரிய தட்டோடு வந்தார். ஆவி பறக்கும் பால் டீ, முறுக்கு, நெய் மிதக்கும் கேசரி. அண்ணன் தன் கடை ஆங்கிலத்தில், "ப்ளீஸ், டேக், டேக்" என்றார்.

ஹெலன் கைகூப்பினார். "இல்லை, நன்றி. இப்போது வேண்டாம்." கீத் கேசரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு அவரும் கைகூப்பினார்.

நான் மனதுக்குள் பூரித்துப்போனேன். பார்த்தாயா அண்ணே, என் சம்பந்திகளுக்கு முறை தெரிந்திருக்கிறது! அண்ணன் பேச்சை எடுப்பார் என்று காத்திருந்தேன். அண்ணன் எடுக்கவில்லை. மறுபடி "டேக்" என்றார். இவர்கள் மறுபடி கைகூப்பினார்கள். மின்விசிறி சுற்றியது. டீயில் ஆடை படிந்தது. ஹெலனின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. அண்ணன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"என்னட்டி இது?" என்றார் என்னிடம், சிரித்த முகம் மாறாமல். "நம்ம வீட்டுத் தண்ணி அவுகளுக்கு ஆகாதோ? கேன் தண்ணியிலதான் உங்க மதினி போட்டிருக்கா. ஒரு வாய் குடிச்சா கொறஞ்சா போவாக? பிடிக்கலேன்னா எதுக்கு இவ்வளவு தூரம் வந்தாக?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி எழுந்துவிட்டார். "பாலு ஒத்துக்காதா இருக்கும்ங்க. செல்வி கொண்டாருமே அந்த நார்த்தங்கா டீ, அதைப் போட்டுத் தாரேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து அறைக்குள் போனார். சமையலறைக்கு இல்லை. பீரோவுக்கு.

பீரோக் கதவு திறந்தது. ஹால் முழுக்க எர்ல் கிரே வாசனை. வேர்த்து வாடிக்கிடந்த ஹெலன் சட்டென்று நிமிர்ந்து மூக்கைத் தூக்கினார். நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். மதினியின் பட்டுப்புடவைகள் ஒவ்வொன்றின் மடிப்பிலும் ஒரு தேயிலைப் பை. அரக்குக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, கூரைப்புடவைக்கு இரண்டு. இத்தனை வருடமாக நான் சுமந்து வந்த எர்ல் கிரே முழுக்க அங்கேதான் குடியிருந்தது.

"மதினி, இது குடிக்கிறதுக்கு!"

"டீன்னு தெரியாமலா இருக்கேன்?" என்றார் மதினி. "இம்புட்டு வாசத்தைக் குடிச்சுத் தீக்க மனசு வரலல்லா! பாச்சா உருண்டை நாத்தம் எனக்குப் பிடிக்காது. எங்க போனாலும் உங்க புடவையில என்ன சென்ட்டுன்னு கேக்காத ஆளு கெடையாது." பீரோவின் அடித்தட்டிலிருந்து, போன முறை நான் கொடுத்த, பிரிக்காத டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

பாலில்லாமல், வெந்நீரில் போட்டு, தன் கைப்பழக்கத்துக்கு ஒரு துண்டு கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொண்டுவந்தார். ஹெலன் முன்னால் நீட்டினார். அந்த அம்மாள் மூன்று நாளாகச் சென்னையில் இனிப்புப் பால் டீயோடு போராடிக்கொண்டிருந்தவர். வாசனை பட்டதும் கை தானாக நீண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாய், இரண்டு வாய், கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வாய்.

"ஹெலன்!" என்று நான் கத்திவிட்டேன்.

அவர் திடுக்கிட்டுக் கோப்பையை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, குடித்துவிட்டேனே! இன்னும் கேட்கவே இல்லையே!" கீத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணன் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்குட்டி அந்தம்மாவை வெரட்டுதே?"

சொன்னேன். கை நனைக்கக் கூடாது என்று நான் நடத்திய பாடத்தை, அவர்கள் தண்ணீர்கூடத் தொடாததன் காரணத்தை, என் மாமனாரின் செம்புத் தண்ணீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முகம் முதலில் ஒன்றும் புரியாததுபோல இருந்தது. பிறகு தோள் குலுங்கியது. வேட்டி நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏட்டி, அதையெல்லாம் எவன் பாக்கான் இப்ப! நம்ம மூத்தவனுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப, முதல்ல பிரியாணியச் சாப்பிட்டு முடிச்சிட்டுத்தான் பேச்சையே எடுத்தோம். வெள்ளைக்காரங்களாச்சே, வந்ததும் டீ குடுக்கலேன்னா தப்பா நெனப்பாகன்னு நான் காலையிலேருந்து உங்க மதினிய வெரட்டிக்கிட்டு இருக்கேன். இங்க எல்லாம் மாறிப்போச்சு. நீதான் பிளேன் ஏறுனப்ப எப்படி இருந்தியோ அப்படியே இருக்கே."

ரொம்பச் சரி. ஊரைவிட்டு வந்தவர்களிடம் இருப்பது தாங்கள் கிளம்பிய வருடத்து ஊர்தான். அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அது வளர்ந்துகொண்டே போவதை மறந்துவிடுகிறோம். அன்றைக்கு எனக்கு வெட்கம் பிடுங்கியது, ஆனால் சிரிப்பும் வந்தது.

கீத்துக்கு மொழிபெயர்த்ததும் அவர் முதலில் கேசரித் தட்டை எடுத்துக்கொண்டார். அடுத்த வாயில் எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது. ஹெலன், அந்தப் பிரபு வீட்டுத் தண்ணீர்க் கதையைச் சொன்னார். தண்ணீரில் சுண்ணாம்பு என்ற சொல்லை நான் தமிழில் சொன்னதுதான் தாமதம், அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். போர்வெல் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் படியும் உப்புக் காரையைப் பற்றித் தினம் பத்துப் பேரிடம் பேசுகிறவர் அவர். உள்ளே போய் ஒரு பழைய வெந்நீர்த் தவலையைக் கொண்டுவந்து அடியைக் காட்டினார். கீத் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தட்டிச் சத்தம் கேட்டு, தன் தழும்புக் கையால் ரெடிங் பாய்லர்களுக்குள் இருப்பதை அளவு காட்டினார். இருவரும் புளியா, எலுமிச்சையா, வினிகரா என்று வெகுநேரம் பேசினார்கள். ஒருவர் தமிழில், மற்றவர் ஆங்கிலத்தில். என்னை யாரும் கூப்பிடவில்லை.

6

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஹெலனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்று, கயல் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். "உங்க கயலை எங்க டாமுக்குக் குடுப்பீங்களா?"

அண்ணனும் எழுந்து நின்றுவிட்டார். கைகூப்பினார். "தேங்க்யூ" என்றார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இவுக வந்து கேட்டாக. எனக்குச் சந்தோஷந்தான், நான் கேட்ட மரியாதை கெடச்சிட்டு. அது கெடச்ச பெறகும் இங்க இன்னும் வலிக்கி செல்வி" என்று நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். "அவ ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல? ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பேசுவாளே. சாப்பிட்டீங்களான்னு கேக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு இதைச் சொல்ல மாமன் வேண்டாமா?"

 நானும் அவளைக் கேட்டதில்லை. நான் போனை எடுத்துக் கயலைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, அண்ணன் கையில் கொடுத்தேன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

"அம்மா?"

"அம்மா இல்ல. மாமா பேசுதேன்."

 அந்தப் பக்கம் அழுகை. என் மகள் வளர்ந்து ஆளாகி மருத்துவமனையில் நோயாளிகளை நடக்க வைக்கிற வேலை பார்க்கிறவள், குழந்தைபோல விசும்பினாள்.

"அழாதட்டி. எங்கிட்ட ஏன் சொல்லல? அதை மட்டும் சொல்லு."

"மாமா... எனக்கு இங்கிலீஷ்ல சொன்னா, அது உங்ககிட்ட சொன்ன மாதிரி இல்ல. தமிழ்ல சொல்ல... வார்த்தை வரல. தப்பா சொல்லிடுவேன்னு பயம். ப்ராக்டிஸ் பண்ணேன் மாமா. நிறைய. போன்ல வந்ததும் சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு வச்சிடுவேன்."

அண்ணன் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். 

"இதுக்கு என்ன பெரிய வார்த்தை? நான் சொல்லித் தாரேன். 'மாமா, எனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கு.' அவ்வளவுதான். எங்கே, சொல்லு."

"மாமா," என்றாள் கயல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கு."

"சரி" என்றார் அண்ணன்.

ஹெலனுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் அந்தச் சொல் இருந்தது. கீத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தார், எர்ல் கிரே வாசனை வந்தது. அண்ணன் போனை விடவில்லை.

"கயலு, மாலைக்கு மயிலாப்பூர்ல சொல்லிவைக்கணும். சம்பங்கியா, ரோசாவா?"

"தை மாசத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் கெடக்குங்க" என்றார் மதினி. அண்ணன் காதில் வாங்கவில்லை.

"நீங்க போடுறது எதுன்னாலும் மாமா."

"அதெல்லாம் சரி, நீளம் தெரியாம எப்படிட்டிச் சொல்ல? நீ இப்ப எம்புட்டு ஒசரம் இருக்கே?" என்று கேட்ட குரல் அந்த இடத்தில் உடைந்துவிட்டது. அண்டாவுக்குள் உட்கார்ந்தவளின் உயரம்தான் அவருக்குத் தெரியும்.

"அம்மாவைவிட ரெண்டு இன்ச், மாமா."

அண்ணன் என்னைப் பார்த்தார். "எந்திரிச்சு நில்லுட்டி" என்றார். எழுந்து நின்றேன். பக்கத்தில் வந்து, என் உச்சந்தலைக்குமேல் இரண்டு விரல் வைத்து, அந்த உயரத்தில் கையை அப்படியே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே, ஆடாமல் நின்றேன்.